நாளைக் காலை லேஸை யார் கட்டுவது?

மெல்பேர்னின் கிளேட்டனில் படித்துக்கொண்டு, நான் வேலை செய்த அதே சப்பாத்துக் கடையில் மிச்ச நேரத்துக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தோல் மாட்டின் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, அடித்தட்டு ஒட்டியதா தைத்ததா, உள்ளே இருப்பது ஆட்டு ரோமமா அல்லது ஆட்டு ரோமம் என்று தன்னை நம்பிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும். பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டீர்கள், வாசிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் இத்தனை காலம் அந்தக் கடையில் நீங்கள் என்ன செய்தீர்கள் அன்ரி என்று கேட்பீர்கள். குந்தியிருந்தேன். அடுத்தவர்களின் கால்மாட்டில் குந்திக் குந்தி என் முழங்கால்கள்தான் முதலில் ஓய்வு பெற்றன. அவற்றின் பின்னால் நானும் வந்துவிட்டேன். கால்மாட்டில் இருந்து அண்ணாந்து பார்த்தால் மனிதர்களின் முகம் வேறுமாதிரித் தெரியும். நின்றுகொண்டு விற்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

மெல்பேர்னில் குளிர்காலம் தொடங்கியதும் நம்மவர்கள் பூட்ஸ் வாங்க வரும் அழகை நீங்கள் இனித்தான் பார்க்கப் போகிறீர்கள். நாற்பது வயது மனிதர் ஒரு அளவு பெரிதாகக் கேட்பார். இன்னும் வளருவார் போலிருக்கிறது. கேட்டால், இரண்டு காலுறை போடத்தான் என்பார். இரண்டு காலுறையையும் போட்டாலும், பூட்ஸுக்குள் கால் தனியாகவும் குளிர்காற்று தனியாகவும் நடந்து திரியும். குதிக்காலில் கொப்புளம் வந்ததும் திரும்பி வந்து, இந்தச் சாமான் சூடு தரவில்லை என்று முறைப்பாடு வைப்பார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும் என்று எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. தலையாட்டிவிட்டுப் பெரியதையே எடுத்துக்கொண்டு போவார்கள்.

வாங்கியதைப் பராமரிக்கும் விதமும் தனி. வீட்டுக்குள் சப்பாத்து வரக்கூடாது. நல்லது, நானும் அப்படித்தான். ஆனால் முழுத்தோல் பூட்ஸை மழை அடிக்கும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, காலையில் அந்த ஐஸ்பெட்டிக்குள் காலை நுழைத்துக்கொண்டு, மெல்பேர்னைத் திட்டுவார்கள். நனைந்துவிட்டது என்று யாருக்காவது இரக்கம் வந்தால் நேராக ஹீட்டருக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். அடுத்த நாள் தோல் பொரித்த அப்பளமாக இருக்கும். அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள். நீங்கள் சிரிக்காமல் வாங்கிப் பார்க்கப் பழகுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், நம் குடும்பங்களில் பூட்ஸ் போடுகிறவர் பேசமாட்டார். மற்ற எல்லோரும் பேசுவார்கள். ஒருவர் நுனியை அமுக்குவார், ஒருவர் குதிக்காலை அமுக்குவார், ஒருவர் நடந்து காட்டச் சொல்வார். கால்காரர் மட்டும் கண்காட்சிக்கு வைத்த சாமான்போல நிற்பார். சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பெண்டாட்டியின் முகத்தையோ பிள்ளையின் முகத்தையோ பார்த்துவிட்டு, தலையாட்டி ஓம் என்பார். அந்த ஓமை நம்பி விற்றவர்களின் கதைதான் இது.

எங்கள் கடையில் ஒரு கதாநாயகன் இருந்தார். பெயர் வேண்டாம். விற்பனையில் எந்த மாதமும் அவர்தான் முதல். கொழும்பில் பிறந்த மனிதர். ஆனால் இந்தியக் குடும்பம் ஒன்று கடைக்குள் காலடி வைத்தால் அவருடைய வாறன் போறன் எல்லாம் ஒரு நொடியில் வர்றேன் போறேன் ஆகிவிடும். சார் என்பார், மேடம் என்பார். தோலைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், அந்த மாடே வந்து கேட்டாலும் தன்னைப் பற்றிப் பெருமைப்படும். பேச்சில் பொய் கிடையாது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பது மட்டும் அவருடைய காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நீண்ட வார இறுதி. சனிக்கிழமை. கடைக்குள் நிற்க இடமில்லை. பனி பார்க்க மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரேநாளில் தங்களுக்குக் கால் இருப்பதை நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் வந்தது. மகன் கணினித் துறையில் வேலை. மருமகள் ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கூடத்தில் வேலை. நடுவில் அப்பா. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகனோடு இருக்க முதல்முறையாக வந்திருக்கிறார். நல்ல உயரம். கம்பளிக் குல்லா, மகனுடைய பெரிய ஜாக்கெட், காலில் மட்டும் காலுறைக்கு மேலே ரப்பர் செருப்பு. பெருவிரல் இடுக்கில் காலுறை செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

மகன் எல்லாம் படித்துக்கொண்டு வந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே உயர்ந்த பூட்ஸ், முழுத்தோல், தைத்த அடித்தட்டு, உள்ளே சுத்தமான ஆட்டு ரோமம். கதாநாயகனுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் தீபாவளி. இருவரும் அப்பாவின் தலைக்கு மேலாகத் தோலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இருவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததை விட மகனுக்குக் கூடவே தெரிந்திருந்தது. கடையிலேயே நல்ல பூட்ஸை அவர் சரியாகத்தான் எடுத்தார்.

கதாநாயகன் உச்சத்துக்குப் போனபோது சொன்னார், “சார், இது உங்க அப்பா காலம் முழுக்கத் தாங்கும்.”

அப்பா அப்போதுதான் முதல்முறை வாயைத் திறந்தார். “என் காலம் எவ்வளவுன்னு அளந்துட்டீங்களா தம்பி?”

கதாநாயகன் அதைப் பகிடி என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை, அவர் அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்த ஐயாவின் கைகள் நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றும்போது குனியவில்லை. குதிக்காலைத் தூக்கி உதறிவிட்டார். இடது கால் காலுறை கீழே சுருண்டு கிடந்தது, அதை இழுத்துவிடவில்லை. மற்றக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கதிரையில் இருந்தபோதும் கை முழங்காலுக்குக் கீழே ஒருதடவையும் இறங்கவில்லை. முதுகில் ஏதோ பழைய ஆபரேஷன் என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இவரால் குனிய முடியாது என்பது மட்டும்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த பூட்ஸுக்கோ கணுக்காலுக்கு மேல் வரைக்கும் ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் லேஸைக் கோத்து, இழுத்து, கட்டவேண்டும். வாசலில் கழற்றவேண்டும். திரும்பப் போகும்போது மறுபடி கட்டவேண்டும்.

அப்போதுதான் அந்தக் காட்சி. மகன் தரையில் முழங்காலிட்டு, அப்பாவின் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, பூட்ஸை மாட்டி லேஸ் கட்டத் தொடங்கினார். மருமகள் சட்டென்று கைத்தொலைபேசியை எடுத்துப் பிடித்தார். அந்தக் கிழவி என் தோளைத் தட்டி, பார் எவ்வளவு அழகு என்றார். வரிசையில் நின்ற இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கதாநாயகன் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பவர் போல நின்றார். மொத்தக் கடையும் உருகியது. எனக்கு மட்டும் எரிச்சல் வந்தது.

மருமகள் நல்ல பிள்ளை. படம் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினார். தாங்கள் இருவரும் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட, மாமா வந்ததில் இருந்து வீட்டிலேயேதான் இருக்கிறாராம். ஊரில் விடிந்தால் இரண்டு மைல் நடக்கிற மனிதர், இங்கே பகல் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாராம், பாவம். அதற்காகத்தான் நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்களாம்.

அந்த ஐயாவுக்கு அங்கே என்ன பறிபோகப் போகிறது என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ரப்பர் செருப்போடாவது அவர் ஒருநாள் துணிந்து வாசலைத் தாண்டியிருப்பார். இந்த ராஜ பூட்ஸ் வீட்டுக்கு வந்தபிறகு செருப்போடு போக விடமாட்டார்கள். பூட்ஸ் போட ஆள் வேண்டும். ஆள் இரண்டும் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடும். குளிர்காலம் முழுவதும் மனிதர் உள்ளே, பூட்ஸ் வெளியே. அப்படி இருந்தால் அது அவர் காலம் முழுக்கத் தாங்கத்தான் செய்யும்.

பிள்ளைகளே, நீங்கள் அந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள்? கூட்டம் நெருக்குகிறது. மனேஜர் கண்ணால் விரட்டுகிறார். வாடிக்கையாளர் உங்களுடையவர் இல்லை, இன்னொருவருடையவர். ஐயாவுக்குக் குனிய முடியாது என்று நேரே சொல்லலாம். சொன்னால் மகன், மருமகள், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கமரா எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு உயரமான மனிதரை நான் குட்டையாக்கிவிடுவேன். அவர் அதை மறைக்கத்தானே அவ்வளவு நேரமும் காலால் காலுறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆகையால் அவரை விட்டுவிட்டு மகனிடம் கேட்டேன்.

“தம்பி, நீங்கள் காலமை எத்தினை மணிக்கு வேலைக்குப் போறனீங்கள்?”

மகன் அண்ணாந்து பார்த்தார். “இருட்டோட கிளம்பிடுவேன் ஆன்ட்டி. ஏன்?”

“மருமகளும் வேலைக்குப் போறவதானே?”

“ஆமா, ரெண்டு பேரும்தான்.”

“அப்ப நாளைக்குக் காலமை இந்த லேஸை ஆர் கட்டுறது?”

கதாநாயகன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஆட்டு ரோமமே பொசுங்கியிருக்கும். மகன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புத்தான். அதுதான் கூடக் கஷ்டம்.

“அப்பா தனியா எல்லாம் வெளிய போக மாட்டார் ஆன்ட்டி. இந்தக் குளிர்ல எதுக்கு? வீக்கெண்ட்ல நாங்க கூட்டிட்டுப் போவோம். நானே கட்டி விடுவேன்.”

“போலாம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்,” என்றார் அப்பா.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கடை எல்லாம் கேட்டது. மகன் கட்டுவதை நிறுத்திவிட்டு, வழி தவறினால் என்ன செய்வது, மொழி புரியாவிட்டால் என்ன செய்வது, வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நியாயம். அக்கறையான பிள்ளைகளிடம் இருக்கும் ஒரே குறை, அவர்கள் சொல்வது எல்லாம் நியாயமாக இருக்கும்.

நான் விடவில்லை. பக்கத்துத் தட்டில் இருந்து குட்டைப் பூட்ஸ் ஒன்றை எடுத்து, ஐயாவின் வலது காலுக்கு முன்னால் வைத்தேன். இரண்டு பக்கமும் இலாஸ்ரிக் வைத்தது, இந்த நாட்டில் பண்ணைக்காரர்கள் போடுவது. ஐயா கட்டாத காலை அதற்குள் விட்டு, குதிக்காலால் ஒரு தட்டுத் தட்டினார். கால் உள்ளே போய்விட்டது. எழுந்தார். ஒரு காலில் ராஜ பூட்ஸ், மறு காலில் பண்ணைப் பூட்ஸ். அப்படியே கதவுக் கண்ணாடி வரை நடந்துபோய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகன் அந்தப் பண்ணைப் பூட்ஸில் மற்றதை எடுத்துத் திருப்பினார். அடித்தட்டு ஒட்டியது. உள்ளே ரோமம் இல்லை. இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது என்றார். அதுவும் சரி. நான் மறுக்கவில்லை.

அப்பா திரும்பி வந்து மகனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகளின் கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். “உன் இஷ்டம்பா. அதுவே இருக்கட்டும்,” என்று கதிரையில் உட்கார்ந்து, இலாஸ்ரிக் பூட்ஸை உதறிவிட்டு, காலை நீட்டினார். மகன் மற்ற லேஸையும் கட்டினார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஐயா தன் முதுகைப் பற்றித் தானே சொல்லவேண்டி வந்திருக்கும். விற்பனை என்பது ஒருவரை வாய்திறக்க வைப்பது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சிலநேரம் ஒருவர் வாய்திறக்காமல் இருக்க வழிவிடுவதும் நம் வேலைதான். மகன் காரை எடுக்கப் போயிருந்த நேரம் ஐயாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “கிளேட்டன் ஸ்டேசன்லை இருந்து வாற பஸ் கடை வாசலிலைதான் நிக்கும் ஐயா. கிழமை நாளிலை கடை வெறிச்சோடிக் கிடக்கும். நான் நிக்கிறனான்.” அவர் பஸ் நிறுத்தத்தை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கதாநாயகன் அன்று பின்னேரம் எனக்கு ஒரு பிரசங்கம் வைத்தார். அன்ரி, கடையிலேயே நல்ல சாமானை விற்கவிடாமல் கெடுக்கப் பார்த்தனீங்கள், அந்த மகனைப்போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார். வீடியோவைத் தன்னுடைய தொலைபேசிக்கும் வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்து மனேஜரும் உருகினார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறை பஸ் நிற்கும்போதும் நான் கதவைப் பார்த்தேன். ஜூலை முடிந்தது. யாரும் வரவில்லை. எனக்குள் இருந்த கோபம் மெல்லக் கவலையாக மாறிவிட்டது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மழைக் காலை. கடையில் ஈ இல்லை. கதாநாயகன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. குடையை மடக்கிக்கொண்டு அந்த ஐயா உள்ளே வந்தார், தனியாக. நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தேன், தொழில் புத்தி. ஏதோ கம்பளிச் செருப்பு வாங்கிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். குதிக்கால் தையலைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. நாங்கள் விற்ற அதே பூட்ஸ். கணுக்காலோடு சுற்றிவர அறுத்து எடுத்திருந்தார். கீழே எஞ்சிய ஓட்டைகளில் லேஸின் ஒரு துண்டைத் தளர்வாக ஒரேதடவை கோத்து முடிச்சுப் போட்டு விட்டிருந்தார். கால் தானாக உள்ளே போகும், தானாக வெளியே வரும். அறுத்த ஓரத்தில் ஆட்டு ரோமம் எட்டிப் பார்த்தது.

“கராஜ்ல டூல் பாக்ஸ் இருந்துச்சு,” என்றார். “ரம்பம் சரிப்படல. அட்டை அறுக்குற கத்தி நல்லா வேலை செஞ்சுது. நல்ல தோல்மா, லேசுல விட்டுக்கொடுக்கல.”

கதாநாயகனின் கையில் இருந்து துணி விழுந்தது. கடையின் கிரீடத்தை ஒருவர் இட்லித்தட்டாக அடித்துப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும். அவருக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “சார், வாரண்டி போயிடுமே.”

“எனக்கே வாரண்டி எப்பவோ போயிடுச்சு தம்பி,” என்றார் ஐயா.

உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தேன். தினமும் நடக்கிறாராம். மகன் போனதும் இவரும் கிளம்பிவிடுவாராம். ரயில் நிலையம் வரை போய், அங்கே மர வாங்கில் ஒரு கிரேக்கக் கிழவரோடு உட்கார்ந்திருப்பாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனாலும் பேச்சு ஓயாதாம். மகனும் மருமகளும் வேலையால் வருவதற்குள் ஜன்னலடிக்குத் திரும்பிவிடுவாராம். கால் சூடாக இருக்கிறது, அந்தத் தம்பி சொன்னது சரிதான் என்று கதாநாயகனுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார். ஜூலையில் வராததற்குக் காரணம், கத்தி எடுக்கத் துணிவு வருவதற்கு அவ்வளவு நாள் ஆனதுதான்.

பிறகு காய்கறிப் பை ஒன்றைத் திறந்து இரண்டு தோல் குழாய்களை மேசையில் வைத்தார். அறுத்த மேல்பாகங்கள், ஓட்டைகளும் லேஸுமாக அப்படியே.

“இதுல பிரஸ் பட்டன் வச்சுத் தர முடியுமா? கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. வேணும்னா மாட்டிக்கலாம்.”

எதற்கு என்று கேட்டேன். மகன் வீட்டில் இருக்கும் நேரம் வாசல் தட்டில் பூட்ஸின் மேலே இந்தக் குழாய்களைத் தூக்கி வைத்துவிடுவாராம். தூரத்தில் இருந்து பார்த்தால் முழுப் பூட்ஸ்தான். போன ஞாயிறு மருமகள் கூட்டும்போது விளக்குமாறு தட்டி ஒரு குழாய் விழப் பார்த்ததாம். பொறியாளர் மூளை, உடனே பட்டன் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்று புரியவில்லை. “அப்ப தம்பி லேஸ் கட்டிவிடேக்கை பிடிபடாதோ ஐயா?”

அவர் கோப்பியை ஆற்றிக் குடித்தார். “வாங்கின அன்னைக்குக் கட்டினதுதாம்மா.”

அந்த வாரம் பனி பார்க்க மலைக்குப் போகவில்லையாம், மகனுக்கு அலுவலகத்தில் ஏதோ அவசரம். அடுத்த வாரம் கார் சர்வீஸ். அதற்கடுத்த வாரம் மழை. பிறகு மறுபடியும் அலுவலகம். பனி இன்னும் இருக்கிறது, செப்டம்பருக்குள் கட்டாயம் போவோம் என்று சொல்லியிருக்கிறாராம்.

எனக்கு அந்த மகன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். திட்டாதீங்க, நல்ல பையன், பகல்ல ரெண்டு தடவை போன் பண்ணிச் சாப்டீங்களான்னு கேப்பான் என்று ஐயா அவசரமாகச் சொன்னார். அந்த வீடியோவை ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். அவருடைய தங்கை அழுதாளாம். அவருக்கும் அது பிடிக்கும்தானாம், ஜன்னலடியில் இருந்து இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார்.

கதாநாயகன் அந்தக் குழாய்களையும் ஐயா கழற்றிய பூட்ஸையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஓட்டை போடும் கருவியின் சத்தம் கேட்டது. பட்டன்களை வைத்து, அறுத்த ஓரத்தை மடித்துத் தைத்து, மழை போகாமல் மெழுகும் பூசிக் கொண்டுவந்தார். முழங்காலிட்டு மாட்டிவிடப் போனவர், என்ன நினைத்தாரோ, எழுந்து பின்னால் தள்ளி நின்றார். ஐயா கதிரையில் இருந்தபடியே காலை உள்ளே விட்டுக் குதிக்காலைத் தட்டினார்.

அந்தக் கதாநாயகன்தான் இன்று உங்களுக்கு மேலே நிற்கும் மனேஜர். தோலைப் பற்றி உங்களுக்கு நீளமாக வகுப்பு எடுப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், பொய் இருக்காது. முடிவில் குரலைத் தாழ்த்தி, யாராவது லேஸ் கட்டிவிடுவதைப் பார்த்து உருகாதே, நாளைக் காலை யார் கட்டுவது என்று கேள் என்பார். தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். சொல்லட்டும், விட்டுவிடுங்கள். என்னிடம் கேட்டால் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்வேன். போடும்போது பார்க்காதீர்கள். தனியாகக் கழற்றச் சொல்லிவிட்டு வேறு எங்கேயாவது பார்ப்பதுபோல நில்லுங்கள்.

அன்று ஐயாவை வழியனுப்பக் கதவு வரை போனேன். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. “ஐயா, ஒருநாள் தம்பிக்குத் தெரிய வந்தால்?”

அவர் குடையை விரித்துக்கொண்டார். புதிதாகத் தைத்த ஓரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார், குனியாமல், அவ்வளவு உயரத்தில் இருந்தே.

“தெரிஞ்சா எனக்குச் சந்தோஷம்தாம்மா,” என்றார். “தெரியணும்னா அவன் குனியணும்ல.”